ஐம்பத்தெட்டு விநாடிப் பரிணாமம்

அத்தியாயம் ஒன்பது

மனிதச் செவியின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: ‘பிரபஞ்சத்தின் முதுகெலும்பு’க்கு முன், ‘பிரபஞ்சத்தின் முதுகெலும்பு’க்குப் பின்.

இந்த வாக்கியத்தை எழுதியவர் அண்ணி. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் ‘வாய் உலர்தல், தலைசுற்றல், அரிதாக வாந்தி’ என்று எழுதுவது அவருடைய உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் கீழே ஓர் எச்சரிக்கை சேர்த்திருந்தால் ஊருக்கு உபகாரமாக இருந்திருக்கும். சேர்க்கவில்லை. கணவனின் புது ஆல்பத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, பன்னிரண்டு பிரதி அச்சடித்து, மூலையில் பின் குத்தி, வரப்போகும் ஒரே ஒரு விருந்தாளிக்காக மேசை மேல் விசிறி மாதிரி பரப்பி வைத்திருந்தார். மூன்றாவது பிரதியோடு பிரிண்டரில் கறுப்பு மை தீர்ந்துவிட்டதால், மிச்ச ஒன்பதிலும் பிரபஞ்சம் ஊதா நிறத்தில் இருந்தது.

உறுமி ஊதாவில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நாலு பக்கத்தில் அண்ணன் முப்பத்தோரு இடத்தில் வந்தான். அவள் ஓர் இடத்திலும் வரவில்லை.

உறுமி என்பது குழு அவளுக்கு வைத்த பெயர். வாரத்தில் ஐந்து நாள் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாதீர்கள், கதவைத் தள்ளாதீர்கள், ஆள் கிளம்பியாயிற்று என்று வெண்ணெய் தடவிய குரலில் சொல்கிறவள். மிச்ச நேரத்தில் மைக் முன்னால் நின்று அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவள். அண்ணனுடைய குழு வாசிப்பது ப்ராக்ரஸிவ் மெட்டல். அதாவது, ஒரு பாட்டுக்குள் ஒன்பது பாட்டைத் திணித்து, தாளத்தை ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு, கேட்கிறவன் தலையாட்டத் தொடங்கியதும் அவன் கழுத்து சுளுக்கும்படி சட்டென்று நிறுத்துவது.

மூன்று வருடத்துக்கு முன் வந்த முதல் ஆல்பம் ‘ரத்தக் கணிதம்’. பதினொரு நாளில் பதிவானது; எல்லோரும் எல்லோர் மீதும் கோபமாக இருந்த பதினொரு நாள். அது ஓடியது. காரணம் உறுமியின் உறுமல் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். தன்னுடைய தொலைநோக்கு என்று அண்ணன் சொன்னான். அன்றிலிருந்து அப்பா அவனை ‘மேதை’ என்றுதான் கூப்பிடுகிறார். மேதை, குப்பைக்கூடை நிரம்பிவிட்டது. மேதை, கேஸ் தீர்ந்துவிட்டது.

போன வாரம் பால்கனியில் துணி எடுக்கப் போன உறுமியின் காதில் அண்ணி பேசியது விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். “அவ குரல்ல கனம் இல்லைங்க. இதோட நிறுத்திக்கலாம். அடுத்ததுக்கு நல்ல பக்குவமான ஆம்பளைக் குரலாப் பாருங்க.” அதற்கு அண்ணன் ‘ம்’ என்றானா, தொண்டையைச் செருமினானா என்பது பிடிபடாமல் ஏழு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து வயதிலிருந்து அவனுடைய ஒயரைச் சுற்றி, பெட்டியைத் தூக்கி, பாட்டுக்கு வாயைக் கொடுத்தவள். ஒரு ‘ம்’ போதும், அவ்வளவும் முடிந்தது.

இன்று விருந்தாளி முன் அவளைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்பதில் அது தெரிந்துவிடும். ஆல்பத்தை முதன்முதலாக வெளியாள் ஒருவர் கேட்கப் போகிறார். கோத்து முடித்த ஆல்பத்தை வீட்டார் கேட்பதும் இதுவே முதல் தடவை. வேலை பூர்த்தியாகும் வரை அது ஒரு காதிலும் படக் கூடாது என்று அண்ணன் தடை போட்டிருந்தான்.

விமர்சகர் பதினொரு மணிக்கு வந்தார். முப்பத்திரண்டு வயதுக்குள் உலகத்தின் சகல இசையிலும் சலித்துப்போனவர். செருப்பைக் கழற்றும்போதே பெருமூச்சு விட்டார். நனைந்த குடையை உறுமியிடம் நீட்டினார். அவள் வாங்கி ஓரமாக வைத்தாள். அந்த நிமிடமே அவர் மனதில் அவள் குடை வாங்கி வைக்கிற பெண்ணாகப் பதிந்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பதிவைத் திருத்தும் சிரமத்தை மேற்கொள்ளவில்லை.

இசையறை என்று அண்ணி சொல்லும் அறையின் சுவரெல்லாம் சத்தம் வெளியே போகாமலிருக்க மெத்தைகள் ஆணியடித்து மாட்டியிருந்தன. ஒரு காலத்தில் வீட்டார் படுத்த மெத்தைகள். அப்பா இப்போது மடக்குக் கட்டிலில் படுக்கிறார்.

அண்ணன் கறுப்புச் சட்டையில், மடியில் கிட்டாரோடு, யாரோ சிலை செய்ய வருவதாகச் சொல்லியிருந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். முதல் ஆல்பத்தில் கோபம் இருந்தது என்றான். கோபம் விடலைத்தனம். இரண்டாவதில் கோபத்தைக் கடந்துவிட்டோம் என்றான். எதைக் கடந்து எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று விமர்சகர் கேட்டார். அண்ணன் கண்ணை மூடி, அதைக் கேட்டுத்தான் உணர வேண்டும் என்றான். அண்ணி ஊதா நிறத்தில் ஒரு பிரதியை விமர்சகர் பக்கம் தள்ளினார்.

பிறகு அவன் ஒலிப்பதிவுக்காரரைக் கழற்றிவிட்ட கதையைச் சொன்னான். ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் பதிவு செய்து, கலந்து, முடித்துக் கொடுத்த மனிதர். அவருக்குக் காது மட்டும்தான் இருக்கிறது, பார்வை இல்லை என்பது குற்றச்சாட்டு. அதனால் முடிந்த பாட்டுகளை வரிசையாகக் கோத்து டிஸ்க்குக்கு அனுப்பும் கடைசிக் காரியத்தை அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே செய்தான்.

“ஃபைலை உள்ள போட்டதும் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுச்சு சார். இது வேற அளவுல இருக்கு, மாத்தட்டுமான்னு. என் மியூசிக்கை மாத்த நீ யாரு? ‘வேண்டாம்’னு அமுக்கிட்டேன்.”

விமர்சகர் அதைக் குறித்துக்கொண்டார். அண்ணிக்குக் கண் கலங்கியது. இந்தக் கதைக்கு அவர் கலங்குவது இது ஆறாவது தடவை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். நீச்சல் பயிற்சியாளர், காலை வகுப்பு முடிந்து, குளோரின் வாடையோடு, கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்க, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே இசையறைக்குள் நுழைந்தார். அண்ணி சாடை காட்டியதை அவர் பார்க்கவில்லை, அல்லது நன்றாகப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். மேதை ஆரம்பிக்கலாம் என்றார்.

முதல் பாட்டு ‘கருந்துளைத் தாலாட்டு’. அண்ணன் கம்ப்யூட்டரைத் தட்டினான். அப்பாவின் கட்டைவிரல் தன் வழக்கப்படி ஸ்டாப்வாட்சைத் தட்டியது. அவர் முன்னால் எது தொடங்கினாலும் அந்த விரல் சும்மா இருக்காது. பால் பொங்குவதற்கும் அவரிடம் நேரக் கணக்கு உண்டு.

பாட்டு வந்தது. வந்தது என்பதைவிட, நகர்ந்தது என்பது சரி. பெரிய மிருகம் ஒன்றைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி டிரம்ஸ் விழுந்தது. கிட்டார் தரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. உறுமிக்கு இந்தப் பாட்டு தெரியும். ஆனால் இது அந்தப் பாட்டின் பெரியப்பா மாதிரி இருந்தது. அதே முகம், இன்னும் பத்து வயது, இன்னும் இருபது கிலோ.

அண்ணனின் காலை அவள் எதேச்சையாகத்தான் பார்த்தாள். தாளம் போட்ட கால், டிரம்ஸுக்கு ஓர் எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த அடியில் இன்னும் முன்னால். மூன்றாவது அடியில் கால் அந்தரத்தில் நின்றது. முகத்தில் மட்டும் ஒரு ரோமம் அசையவில்லை. பிறகு கால் மெல்ல இறங்கி, புதிய வேகத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி தட்டத் தொடங்கியது.

அப்போது குரல் வந்தது. ஆண் குரல். கிணற்றின் அடியிலிருந்து கல்லை உருட்டுகிற மாதிரி ஓர் உறுமல்.

உறுமி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள். ஆக, அது ‘ம்’தான். ஏழு நாள் அவள் யோசித்திருக்க வேண்டியதே இல்லை. அடுத்த ஆல்பத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சொல்லாமல், கேட்காமல், அவள் பாடியதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, எவனோ ஒருவனைக் கூட்டி வந்து அவளுடைய ஒவ்வொரு வரியையும் பாட வைத்திருக்கிறான். நிறுத்தங்கள்கூட அப்படியே. திருடன் பாத்திரத்தோடு பாத்திரத்துக்குள் இருந்ததையும் கொண்டு போயிருக்கிறான்.

அண்ணி எதிரே அண்ணனைப் பார்த்த பார்வையை அவள் கவனித்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டீர்களே என்கிற நன்றி அதில் வழிந்தது.

மூன்றாவது சரணத்தில் ‘சாம்பல்’ என்று ஒரு சொல் வரும். அந்த மனிதன் அதைப் பாடினான். ‘ச’வில் மெலிதாக ஒரு விசில் அடித்தது.

உறுமியின் நாக்கு தானாக முன்பல்லுக்குப் போனது. பதிவு நடந்த வாரம் அந்தப் பல்லின் அடைப்பு விழுந்துவிட்டது. எந்த ‘ச’ சொன்னாலும் காற்று விசிலடித்தது. மறுபடி பாடட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், அது மனிதத்தன்மை என்று அண்ணன் சொன்னான். பல்லை அப்புறம் சரிசெய்தாயிற்று.

உலகத்தில் உறுமுகிற ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அதே பல்லில் அதே ஓட்டையோடு இன்னொருவன் இருக்க வழியில்லை.

பாட்டு முடிந்ததும் அப்பாவின் விரல் தட்டியது. அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். காதில் வைத்துக் குலுக்கினார். மறுபடி பார்த்தார்.

விமர்சகர் பேனா மூடியை நிதானமாகத் திருகினார். நிதானத்துக்கு அவர் பயிற்சி எடுத்தவர். பிறகு, முதல் ஆல்பத்தின் அவசரம் இதில் இல்லை என்றார். ஒவ்வொரு அடிக்கும் எடை இருக்கிறது என்றார். இது வளர்ச்சி அல்ல, பரிணாமம் என்றார். அண்ணன் அடக்கமாகத் தலைகுனிந்தான். மூன்று வருடத் தேடல் என்றான்.

அந்தத் தொடக்கப் பகுதியைப் பாட்டோடு சேர்த்து ஒரு தடவை வாசித்துக் காட்ட முடியுமா என்று விமர்சகர் கேட்டார். அண்ணன் மறுத்திருக்கலாம். விரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் யாரும் வாசிக்கச் சொல்லி மறுத்தவன் கிடையாது. பாட்டை ஓடவிட்டுக் கிட்டாரில் கை வைத்தான்.

மடியிலிருந்த கிட்டார் ஒரு சுருதியிலும் ஸ்பீக்கரிலிருந்த கிட்டார் இன்னொரு சுருதியிலும் இருந்தன. நடுவே முக்கால் கட்டைத் தூரம். இரண்டும் சேர்ந்தபோது, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அப்பா துண்டை எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் கண்ணை மூடி எட்டு அடி வாசித்தான். நிறுத்தினான். வியர்வையைத் துடைக்காமல், வேண்டுமென்றே உரசவிடுகிற நுண்சுருதி என்றான்.

விமர்சகர் ‘நுண்சுருதி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

“பாடினது யாரு? போன தடவை ஒரு பொண்ணு கத்திக்கிட்டு இருந்ததே, அது இல்லைல்ல?”

உறுமி அண்ணனைப் பார்த்தாள். இது அவன் சொல்ல வேண்டிய இடம். தப்பு நடந்துவிட்டது, இது என் தங்கச்சி என்று ஒரு வரி. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அண்ணன் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

“அது வேற கட்டம் சார். இவரை ரொம்ப நாள் தேடிப் பிடிச்சோம். வெளிய தெரியறதை விரும்பாதவர்.”

“இப்பதான் குரல்ல ஒரு கனம் இருக்கு” என்றார் அண்ணி.

அந்த மனிதரைப் பேட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார் விமர்சகர். வெளியே தெரிய விரும்பாதவர் என்றதும் அவருக்கு முதன்முறையாகச் சலிப்பு விலகியிருந்தது. பதினெட்டாம் தேதி வெளியீட்டு விழா மேடையில் அவரைப் பார்க்க முடியும் அல்லவா என்றும் கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வேறு வேலை இருக்கிறது, மிச்சப் பாட்டுகளை டிஸ்க் வந்ததும் கேட்டுக்கொள்கிறேன் என்று விமர்சகர் எழுந்தார். வாசலில் குடையை வாங்கும்போது, பாடகரின் நம்பர் இருக்குமா என்று உறுமியிடம் கேட்டார். இந்த மாதிரி விஷயமெல்லாம் குடை வாங்கி வைக்கிற பெண்ணிடம்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம்.

உறுமி ஊதா நிறப் பிரதி ஒன்றின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். தன்னுடையதை.

சமையலறையில் அப்பா நீச்சல்காரர்களின் நேரம் குறிக்கும் சின்ன நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதிவு முடிந்த அன்று அவளை அழைத்து வர ஸ்டூடியோவுக்கு வந்தவர், அங்கேயும் விரல் சும்மா இருக்காமல் இதே பாட்டை அளந்திருந்தார்.

“அன்னிக்கு சரியாப் பதினொரு நிமிஷம் பாப்பா. இன்னிக்குப் பதினொண்ணு ஐம்பத்தெட்டு. என் வாட்ச் ரிப்பேரா, உன் அண்ணன் ரிப்பேரா?”

ஸ்டூடியோக் கதவில் ஒலிப்பதிவுக்காரர் ஒட்டியிருந்த சீட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்தெட்டாயிரம் என்று எழுதி வட்டம் போட்டு, கீழே: ‘கேட்டா மாத்துன்னு அமுக்கணும். மறந்துடாதீங்க.’ ஒரு விநாடிச் சத்தத்தை நாற்பத்தெட்டாயிரம் துண்டாக வெட்டி வைப்பது அவருடைய ஸ்டூடியோக் கணக்கு. டிஸ்க்கில் விநாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டுதான் போகும். மாற்றிப் போட்டால் சரியாக இருக்கும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால், ஒரு விநாடியில் தீர வேண்டியது தீராமல் அடுத்த விநாடிக்கு வழியும். பாட்டு தூங்கி வழியும், சுருதி இறங்கும். பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் பெண்ணெல்லாம் ஆணாகிவிடுவது இப்படித்தான்.

மூன்று வருடத் தேடலின் பரிணாமம் மொத்தம் ஐம்பத்தெட்டு விநாடி. அதுவும் ஒரே அமுக்கில் வந்தது.

அவள் இசையறைக்குப் போனபோது அண்ணன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். இன்னும் வியர்வை அடங்கவில்லை.

“ரொம்ப நாள் தேடிப் பிடிச்ச ஆளு நான்தானே அண்ணா?”

மெதுவாகப் பேசு என்றான். அண்ணி இருக்கிறாள் என்றான். பிறகு, தங்கைக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று நோட்டம் விட்டான். தாளம் போட்ட உன் காலைப் பார்த்தேன் என்று அவள் சொன்னதும், பார்த்துக்கொண்டிருந்த கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அடுத்த விநாடியே நிமிர்ந்தான். தற்செயல் என்பது கலையின் தாய் என்றான். அப்படித் தாய் வந்து கதவைத் தட்டும்போது அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது என்றான்.

திருத்திவிடு, இன்னும் நாள் இருக்கிறது என்றாள் உறுமி.

“ஒம்பது நாள் முன்னாடியே டிஸ்க் அடிக்க அனுப்பியாச்சு.”

“அப்போ பதினெட்டாம் தேதி மேடையில யாரு பாடுவா? அந்த அளவுக்கு நான் இறங்க முடியாது.”

அவன் உறையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான். அவளுக்கும் ஆபீஸ், அலைச்சல், தொண்டையும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அக்கறையாக ஆரம்பித்தான். ஓர் ஆளைப் பார்க்கலாம், குரல் ஒத்துப்போகிற மாதிரி, அவனுக்கு அவள் பாடியதைப் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வான், அவளே கூட இருந்து சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆபீஸில் ஹெட்ஃபோனை மாட்டியதும் வருகிற அந்த நிதானம்தான் வந்தது.

“பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. உள்ள எத்தனை பேர் மாட்டியிருக்கீங்க?”

அண்ணன் ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினான்.

அண்ணி காபிக் கோப்பைகளை எடுக்க உள்ளே வந்தார். முகத்தில் வெற்றியும், வெற்றியை மறைக்கிற பெருந்தன்மையும் இருந்தன. உறுமியின் தோளில் கை வைத்தார்.

“மனசுல வெச்சுக்காதம்மா. எல்லாரும் எப்பவும் பாடிட்டே இருக்க முடியுமா? ஆனா அந்த ஆளு குரல்ல என்ன ஒரு கனம்.”

“தேங்க்ஸ் அண்ணி” என்றாள் உறுமி.

அண்ணி எதற்கு என்று புரியாமல் கணவனைப் பார்த்தார். கணவன் ஜிப்பைப் பார்த்தான்.

உறுமியின் போன் அதிர்ந்தது. ‘வணக்கம் சார். தங்கள் குரலில் இன்னும் மீளவில்லை. வெள்ளி காலை பத்து மணிக்குப் பேட்டி வசதிப்படுமா?’ அவள் இரண்டு பேர் கண்ணெதிரே பதில் தட்டினாள்: ‘வசதிப்படும். இதே வீட்டுக்கு வாருங்கள். குடை கொண்டு வந்தால் வாங்கி வைக்கிறேன்.’ அனுப்பிவிட்டு, போனை அண்ணனிடம் நீட்டினாள்.

அவன் படித்தான். இரண்டாம் தடவை படித்தான். அப்பா உட்கார்ந்த ஈரம் காயாத ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்தான். அண்ணி என்னங்க, என்னங்க என்று கேட்டார். என்ன என்று சொல்ல அவனுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது.

உறுமி கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். திரையில் ஆல்பம் அப்படியே திறந்திருந்தது. ஏழு பாட்டுகள், ஒன்றன்கீழ் ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது முழுதாக எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று ஓர் எண் போட்டிருந்தது.

‘கருந்துளைத் தாலாட்டு’ பக்கத்தில் 1, இன்று ஓடியது. மற்ற ஆறின் பக்கத்திலும் 0.